இரண்டு ஐம்பதுக்கு எழுதியது

கிவி லேக், மிச்சிகன்
ஆகஸ்ட் 28, திங்கள்

பிரிட்டா,

இன்று காலை எழுந்ததும், காபிகூடப் போடாமல், சமையலறைத் தராசில் ஒரு விரிப்பை எடை போட்டேன். பிரசவக் கட்டிலில் தாய்க்கு அடியில் விரிப்போமே, அடிப்பக்கம் நீலமாக இருக்கும், அது. மருத்துவமனையிலிருந்து ஒன்றைக் கொண்டுவந்திருந்தேன். காய்ந்தபோது எண்பத்திரண்டு கிராம். பிறகு பீட்ரூட் வேகவைத்த தண்ணீரை, எவ்வளவு என்று பார்க்காமல், அதன்மேல் கொட்டினேன். என் கண்ணுக்கு ஒரு கோப்பை அளவு தெரிந்தது. தராசு அரை லிட்டர் என்றது.

எங்கள் பிரசவப் பிரிவில் இப்போது எல்லாவற்றையும் எடை போட வேண்டும். ஒரு கிராம் என்றால் ஒரு மில்லி ரத்தம். உனக்கு நடந்த பிறகு வந்த விதி. அதற்கு முன் இருபத்திரண்டு வருஷம் நான் கண்ணால் பார்த்தே, இருநூறு இருக்கும், முந்நூறு இருக்கும் என்று எழுதியவள்.

போனில் என் குரலைக் கேட்டால் அந்த அறை திரும்பி வருகிறது, வேண்டுமானால் எழுதட்டும் என்று டெரக்கிடம் சொல்லி அனுப்பினாய். உன் வீட்டுக்காரர் பாவம், அதைச் சொல்லி முடிப்பதற்குள் மூன்று முறை இருமினார். சரி, எழுதுகிறேன்.

உன் ஊர் கிரீன் பேயிலேயே பெரிய மருத்துவமனை இருக்க, உன்னை இங்கே வரவழைத்தது நான்தான். "பிரசவத்துக்கு இங்க வா, நான் கூடவே இருக்கேன்" என்றேன். சொந்தத் தங்கை போன்ற உறவினரை நர்ஸ்கள் நாங்கள் கவனிக்கக் கூடாது என்று விதி உண்டு. அன்று மான் வேட்டை தொடங்கும் நாள், ஊரில் பாதிப் பேர் காட்டில், பிரிவில் நானும் இன்னொருத்தியும்தான். நானே உன்னைப் பார்த்துக்கொண்டேன். பிறகு ஏரியிலிருந்து பனி எழுந்து வந்தது. உன்னைப் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டிய ஹெலிகாப்டர் கிளம்பவில்லை. எங்களிடம் இருந்தது நான்கே பை ரத்தம். உன் உயிரைக் காப்பாற்ற உன் கருப்பையை எடுத்தார்கள். இவையெல்லாம் உனக்குத் தெரியும். தெரிந்ததை எழுதுவது சுலபமாக இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

ஐலாவுக்கு ஒன்பது மாதம் முடிந்திருக்கும். வெளியே வந்ததும் அவளை முதலில் ஏந்திய கை என்னுடையது. அந்த நாளுக்குப் பிறகு நான் அவளைத் தொட்டதே இல்லை.

ஏலக்காய் ரொட்டி தனியாக அனுப்பியிருக்கிறேன். அம்மா பின்னுவதைப்போல மூன்று புரி. நவம்பர் பதினைந்தாம் தேதி பிறந்தநாளுக்கு நான் வரலாமா?

ஜனெல்


கிரீன் பே
செப்டம்பர் 7

ஜனெல்,

ரொட்டி வந்தது. டெரக் இரண்டே நாளில் தின்று தீர்த்தான். நான் தொடவில்லை.

தராசுக் கதையெல்லாம் எனக்கு எதற்கு? பீட்ரூட் தண்ணீரை அளந்துகொண்டு உட்கார உனக்கு நேரம் இருக்கிறது. நான் ஏழரைக்கு ஐலாவைக் காப்பகத்தில் விட்டுவிட்டு, எட்டு மணிக்கு அடுத்தவர் தலையில் சாயம் பூசுகிறேன். போன வாரம் ஒரு அம்மாள் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "ஒண்ணோட நிறுத்திடாதம்மா, தம்பியோ தங்கச்சியோ வேணும்ல?" என்றாள். "அந்தக் கடையை மூடிட்டாங்க" என்றேன். அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். அவள் முடியை அரை அங்குலம் கூடுதலாக வெட்டினேன்.

ஒரு விஷயம் உனக்குத் தெரிய வேண்டும். என் மருத்துவப் பதிவுகளை எழுதிக் கேட்டு வாங்கிவிட்டேன். நூற்றுப் பன்னிரண்டு பக்கம். பிள்ளை தூங்கும்போது படிக்கிறேன், வேறு பெண்கள் கதைப் புத்தகம் படிப்பதுபோல. ஒரு பக்கம் மனப்பாடமே ஆகிவிட்டது. 1:50, பெண் குழந்தை. 2:05, கருப்பை கெட்டியாக உள்ளது. 2:20, கெட்டி. 2:35, கெட்டி. 2:50, கெட்டி. நான்கு வரியிலும் உன் கையெழுத்து, பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய அதே கையெழுத்து. அதற்குக் கீழே 3:10, கோழி கிளறியதுபோல, உனக்கு அடுத்து வேலைக்கு வந்த நர்ஸ் கொலீன் டூகெட்: "கருப்பை தளர்வு. பெரிய ரத்தக் கட்டிகள். மருத்துவரைக் கூப்பிட்டேன்."

மூன்று மணிக்கு நீ வேலை முடிந்து போகும்வரை நான் நன்றாக இருந்தேன். தூங்கினேன். அந்தப் பொம்பளையின் முஷ்டி என் வயிற்றில் இறங்கியபோதுதான் விழித்தேன். ரத்தம் அதற்குப் பிறகுதான் வந்தது. என் கண்ணால் பார்த்தேன். அவள் கையை எடுக்கவே இல்லை. நான் கத்தினேன், "திட்டணும்னா திட்டிக்கோ கண்ணு, நான் அமுக்கத்தான் போறேன்" என்றாள்.

நர்ஸுகளுக்கு உரிமம் தரும் மாநில வாரியத்தில் மார்ச் மாதமே அவள்மேல் புகார் கொடுத்துவிட்டேன். அக்டோபர் 26, லான்சிங்கில் விசாரணை. ஏப்ரலில் உங்கள் மருத்துவமனை அவளை வேலையை விட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டதாகவும் கேள்விப்பட்டேன். இவ்வளவு நீளக் கடிதத்தில் அதை மட்டும் ஏன் எழுதாமல் விட்டாய்?

பிரிட்டா


கிவி லேக்
செப்டம்பர் 16

பிரிட்டா,

எழுதாமல் விட்டது உண்மைதான்.

முதலில் ஒன்று. பிள்ளை பிறந்த பிறகு கருப்பை கெட்டியாகச் சுருங்க வேண்டும். சுருங்கினால்தான் உள்ளே திறந்திருக்கும் ரத்தக் குழாய்கள் அடைபடும். தளர்ந்தால் ரத்தம் கொட்டும். சில சமயம் வெளியே கொட்டாமல் உள்ளேயே தேங்கும், விரிப்பில் ஒன்றும் தெரியாது. அதனால்தான் முதல் ஒரு மணி நேரம் கால்மணிக்கு ஒருமுறை அடிவயிற்றை அமுக்கிப் பார்ப்போம். அது வலிக்கும், வலிக்கும்படிதான் செய்ய வேண்டும். அமுக்குவதால் ரத்தம் உண்டாவதில்லை. உள்ளே இருந்தது வெளியே வரும், அவ்வளவுதான்.

கொலீனை யாருக்கும் பிடிக்காது. எங்கள் பிரிவில் தாய்மார்கள் அனுப்பும் நன்றி அட்டைகளை ஒரு பலகையில் குத்தி வைப்போம். என் பெயருக்கு வந்தவற்றை எண்ணி முடியாது. முப்பத்தோரு வருஷத்தில் அவளுக்கு வந்தது இரண்டு, அதில் ஒன்று வேறு கொலீனுக்கு வந்தது என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். அவள் கையைப் பற்றித்தான் எப்போதும் புகார் வரும்.

போன சனிக்கிழமை இரும்புக் கடையில் அவளைப் பார்த்தேன். பனி வாரும் மண்வெட்டி ஒன்றின் கைப்பிடியை வளைத்து வளைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன கண்ணு, என்னைப் பார்த்ததும் ஆணி வாங்கப் போற மாதிரி அந்தப் பக்கம் திரும்புற?"

"இல்ல கொலீன், நிஜமாவே ஆணிதான்."

"உன் தங்கச்சி எப்படி இருக்கா? புள்ள?"

"நல்லா இருக்காங்க."

"தாய்ப்பால் குடிக்குதா?"

"இல்ல. அன்னைக்குப் போன ரத்தத்துக்கு அவளுக்குப் பாலே ஊறல."

"ம்" என்றாள். "அது அப்படித்தான் போகும்." உன்மேல் ஒரு வார்த்தை கோபமாகச் சொல்லவில்லை. வேறு ஏதோ சொன்னாள், பிறகு மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

அவளுக்கு ஐம்பத்தெட்டு வயது. வேறு வேலை ஒன்றும் தெரியாது. விசாரணையைப் பற்றி இன்னொரு முறை யோசித்துப் பார்.

ஜனெல்


கிரீன் பே
செப்டம்பர் 25

ஜனெல்,

யோசித்துப் பார்த்தேன். ஒரு நிமிஷம் ஆனது.

நீ யார் பக்கம்? அதை மட்டும் சொல். வகுப்பு எடுக்காதே. முதல் பிரசவத்துக்கு ஆறு வாரம் முன்னால் உன் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து எத்தனை பிள்ளைக்குப் பெயர் வைத்தோம் என்று நினைவிருக்கிறதா? நான்கு. உன் மளிகைச் சீட்டின் பின்னால் எழுதினாய். நாய்க்குட்டியையும் சேர்த்து ஐந்து. அந்தச் சீட்டில் ஒரு பெயர் மட்டும்தான் இப்போது என் வீட்டில் தவழ்கிறது.

அந்தப் பொம்பளைக்கு வேறு வேலை தெரியாதாம். எனக்கு மட்டும் வேறு வயிறு இருக்கிறதா?

வாரியத்து வக்கீல் உனக்கு எழுதுவார். வேண்டியது ஒரே வரி. 2:50-க்கு என் கருப்பை எப்படி இருந்தது? "கெட்டியாக இருந்தது." நீ ஏற்கெனவே எழுதியதைத் திருப்பி எழுதி, கையெழுத்துப் போடப்போகிறாய். இதற்கு என்ன தயக்கம் என்று எனக்கு நிஜமாகவே புரியவில்லை.

போட்டு அனுப்பு. பிறந்தநாளுக்கு வா. ஐலா இப்போது சோபாவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். யாராவது கை தட்டினால் தானும் தட்டப் போய் விழுகிறாள்.

பிரிட்டா


கிவி லேக்
அக்டோபர் 8, ஞாயிறு

பிரிட்டா,

வக்கீலின் தாள் மேசைமேல் இருக்கிறது. நான்கு நாளாக அதன்மேல் எதையும் வைக்காமல் அதைச் சுற்றியே சாப்பிடுகிறேன்.

தயக்கம் ஏன் என்று கேட்டாய். சொல்கிறேன். இதைப் படிக்கும்போது உட்கார்ந்துகொள்.

எங்கள் பிரிவில் அந்தப் படிவம் இன்னும் காகிதம்தான். நான்கு வரி, கால்மணிக்கு ஒன்று. சாதாரணப் பிரசவம், தாய் திடமானவள், முதல் இரண்டு முறையும் கெட்டி என்றால், மீதி இரண்டு வரியையும் அப்போதே எழுதிவிடுவோம். பிறகு போய் அமுக்கிப் பார்ப்போம், மாறியிருந்தால் அடித்துத் திருத்துவோம். மாறியிருப்பதே இல்லை. எல்லோரும் இப்படித்தான் செய்தோம். புதிதாக வருகிறவர்களுக்கு நானே இதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். "பேனா கையில இருக்கும்போதே எழுதிடு."

2:05-க்கு அமுக்கினேன். கெட்டி. 2:20-க்கு அமுக்கினேன். கெட்டி. நீ அழுதாய். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "போதும்டி, நீயும் என்னைக் கொல்லாத, பத்து நிமிஷம் தூங்க விடு" என்றாய். நான் படிவத்தில் நான்கு வரியையும் முடித்தேன். 2:35-க்கு உள்ளே வந்தேன். ஐலா உன் மார்மேல் இருந்தாள். நீ கண்ணை மூடியிருந்தாய். போர்வையைத் தூக்கி விரிப்பைப் பார்த்தேன், கொஞ்சம்தான் இருந்தது. விளக்கைக் குறைத்துவிட்டு வெளியே வந்தேன். 2:50-க்குக் கதவிலிருந்தே பார்த்தேன். உன் முகம் வெளிறியிருந்தது. பிள்ளை பெற்றவள், பதினாறு மணி நேரம் வலி பட்டவள், வெளிறித்தான் இருப்பாள் என்று நினைத்தேன். தூங்குகிறாய் என்று நினைத்தேன். நர்ஸாக இல்லாத யாரும் அப்படி நினைக்கலாம்.

மூன்று மணிக்குக் கொலீனிடம் ஒப்படைத்தபோது, "எல்லாம் கெட்டியா இருக்கு, இப்பதான் தூங்குறா, கொஞ்சம் விடு" என்றேன். அவள் ஐந்து நிமிஷம்தான் விட்டாள். பிறகு என் பேச்சைக் கேட்காமல் உள்ளே போய்க் கையை வைத்தாள். நீ முஷ்டி என்று எழுதினாயே, அந்தக் கைதான் அறுவை அறை திறக்கும்வரை உன் வயிற்றிலிருந்து எடுபடவில்லை. எடுத்திருந்தால் ஐலாவுக்கு அம்மா இல்லை.

இரும்புக் கடையில் அவள் வேறு ஏதோ சொன்னாள் என்று எழுதினேன். சொன்னது இது: "2:50-க்குக் கெட்டியா இருந்த கருப்பை 3:10-க்குள்ள அவ்வளவு கட்டியைச் சேர்க்காது கண்ணு. எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும்." ஏன் மேலிடத்தில் சொல்லவில்லை என்று கேட்டேன். "நானும்தான் முப்பது வருஷமா முன்கூட்டியே எழுதினேன். எந்த வாயால உன்னைச் சொல்ல?" என்றாள்.

கால்மணிக்கு ஒருமுறை அமுக்கியிருந்தால் உன் கருப்பை இருந்திருக்குமா என்று நீ கேட்பாய். நிச்சயமாகச் சொல்ல யாராலும் முடியாது. பெரும்பாலும் இருந்திருக்கும்.

ஜனெல்


கிரீன் பே
அக்டோபர் 16

ஜனெல்,

கடிதம் கடைக்கு வந்தது. டெரக் வேலைக்குப் போகும் வழியில் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனான். ஒரு பெண்மணி தலையில் சாயத்தோடு உட்கார்ந்திருந்தாள். பின்னறையில் நின்று மூன்று முறை படித்தேன். வெளியே வந்தபோது அவள் முடி ஆரஞ்சு நிறமாகியிருந்தது. அழுதாள். நானும் அவளோடு சேர்ந்து அழுதேன். முடிக்காகத்தான் அழுகிறேன் என்று நினைத்து அவளே என்னைத் தேற்றினாள்.

மூன்று நாள் உனக்குத் திட்டு எழுதினேன். கிழித்துப் போட்டேன். கடைசியில் எழுத வந்தது ஒன்றுதான். சொல்லாதே.

உன் கடிதத்தில் ஒரு இடம் இருக்கிறது. "போதும்டி" என்று நான் சொன்ன இடம். அப்படியென்றால் நான் கேட்டேன், நீ கொடுத்தாய், அப்படித்தானே? தப்பில் பாதி என்னுடையதா? இதை லான்சிங்கில் ஒரு அறை நிறைய ஆட்கள் முன்னால் படிக்கப் போகிறாயா?

கொலீனை வெறுப்பது எனக்கு வசதியாக இருந்தது. அவள் முகம் எனக்குச் சரியாக நினைவுகூட இல்லை. கையும் குரலும்தான். காலையில் எழுந்ததும் வெறுப்பேன், பல் தேய்ப்பேன், வேலைக்குப் போவேன். உன்னை எங்கிருந்து ஆரம்பித்து வெறுப்பது? அம்மா இரண்டு வேலை பார்த்தபோது எனக்குத் தலை வாரிவிட்டவள் நீ. நான் இந்தத் தொழிலுக்கு வந்ததே நீ வாரிய லட்சணத்தைப் பார்த்துத்தான். எனக்குக் கருப்பை போய்விட்டது, அக்காவும் போக வேண்டுமா?

அந்தப் பொம்பளை எப்படியும் இரண்டு வருஷத்தில் ஓய்வு பெற்றிருப்பாள். அவளே வாயை மூடிக்கொண்டிருக்கும்போது உனக்கு என்ன வந்தது? நல்லவள் என்று பெயர் வாங்காமல் உன்னால் ஒரு வருஷம்கூட இருக்க முடியாதா? அந்தப் பலகையில் இன்னொரு அட்டை வேண்டுமா?

வரியை எழுதிக் கையெழுத்துப் போடு. இல்லையென்றால் எதுவும் அனுப்பாமல் சும்மா இரு. நான் இதை மறந்ததாக நடிப்பேன், எனக்கு நடிக்க வரும். ஆனால் நீ அங்கே போய் வாயைத் திறந்தால், ஐலாவுக்குப் பெரியம்மா என்று யாரும் இல்லை. இதை நான் கோபத்தில் எழுதவில்லை. டெரக்கைக் கேள்.

கேக் பதினைந்தாம் தேதி மூன்று மணிக்கு.

பிரிட்டா


கிவி லேக்
அக்டோபர் 24, செவ்வாய்

பிரிட்டா,

இன்று காலை முதல் வேலையாகக் காருக்குப் பனியில் வழுக்காத சக்கரம் மாட்டினேன். வழக்கத்தைவிட மூன்று வாரம் முன்னதாக. பக்கத்து வீட்டு ரேமண்ட் தன் வாசலில் நின்று, "ஏரி உங்கிட்ட ஏதாவது ரகசியம் சொல்லிச்சா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

உன் கடிதத்தில் நீ எழுதியதில் பெரும்பாலும் சரி. நல்லவள் என்று பெயர் வாங்குவது எனக்குப் பிடிக்கும். அதற்காகத்தான் அன்று விளக்கைக் குறைத்தேன். உனக்கு வலிக்கக் கூடாது என்பதற்காகவா, உன்னை வலிக்க வைத்தவளாக நான் இருக்கக் கூடாது என்பதற்காகவா? பதினொரு மாதமாக இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். விடை எனக்குப் பிடித்ததாக இல்லை.

ஒன்று மட்டும் சரியில்லை. தப்பில் பாதி உன்னுடையது இல்லை. கால்பங்குகூட இல்லை. பிள்ளை பெற்றவள் கெஞ்சுவாள். எல்லோரும் கெஞ்சுகிறார்கள். கேட்காமல் இருப்பதற்குத்தான் எங்களை அங்கே நிறுத்தியிருக்கிறார்கள். உன் வார்த்தையை நான் எங்கேயும் யாரிடமும் சொல்ல மாட்டேன். அந்த அறையில் நீ தூங்கிக்கொண்டிருந்தாய். அவ்வளவுதான்.

நேற்று ஒரு பெண்ணுக்குப் பிரசவம். பத்தொன்பது வயது. நான்கு முறையும் அமுக்கினேன், ஒவ்வொன்றாக எழுதினேன். மூன்றாவது முறை என் கையைத் தட்டிவிட்டு, "உனக்கெல்லாம் மனசே கெடையாதா?" என்றாள். அவளுடைய அம்மா என்னை முறைத்தாள். அந்த வீட்டிலிருந்து எனக்கு அட்டை வராது.

கொலீன் வீட்டு வழியாகத் திரும்பி வந்தேன். அந்த மண்வெட்டி வாசலில் சாய்ந்திருந்தது. இன்னும் பனியே விழவில்லை. சமையலறையில் அவள் முதுகு தெரிந்தது. வண்டியை நிறுத்தவில்லை.

நீ கேட்ட தாளில் ஒன்றும் எழுதவில்லை. அது என் கைப்பையில் இருக்கிறது. வியாழக்கிழமை எனக்கு விடுப்பு வேண்டும் என்று மேற்பார்வையாளரிடம் கேட்டேன். பல் மருத்துவர் என்றேன். அது மட்டும் பொய், இதுவே கடைசியாக இருக்கட்டும். நாளை மதியம் லான்சிங்குக்குக் கிளம்பினால், இருட்டும்போது வழியில் இருக்கும் பெரிய பாலத்தைத் தாண்டிவிடலாம். பாலத்துக்கு இந்தப் பக்கம், பெட்ரோல் நிலையத்துக்கு வெளியே ஒரு தபால் பெட்டி இருக்கிறது. இதை அதில் போடுவேன். வெள்ளிக்கிழமைக்கு முன் உன் கைக்கு வராது. அதைக் கணக்கிட்டுத்தான் போடுகிறேன். உன்னிடம் முன்பே சொன்னால் நீ போனில் கூப்பிடுவாய், பதினொரு மாதத்துக்குப் பிறகு உன் குரலைக் கேட்டால் நான் வண்டியைத் திருப்பிவிடுவேன்.

என் உரிமம் போகலாம். போகும் என்றுதான் நினைக்கிறேன். ஐலாவின் பொம்மையை வாங்கி வைத்திருக்கிறேன், மரத்தில் செய்த வாத்து, இழுத்தால் கழுத்தை ஆட்டும். அனுப்பவா வேண்டாமா என்று உன்னைக் கேட்க மாட்டேன். அலமாரியில் இருக்கட்டும்.

நான் போவது இந்த நிமிஷம்வரை யாருக்கும் தெரியாது. கொலீனுக்கும் தெரியாது. சக்கரம் மாட்டிய பிறகு காரில் உட்கார்ந்து, எதிரே இருந்த கண்ணாடியைப் பார்த்து முதல் வாக்கியத்தை மட்டும் இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன். இரண்டாவது முறை குரல் நடுங்கவில்லை.

"இரண்டு ஐம்பதுக்கு நான் அவளைத் தொடவே இல்லை."

ஜனெல்